கேசி என்று மூன்று முறை

கை நிறையக் காணப்பயறும் மடியில் கருப்பட்டியுமாகத் தொழுவத்து வாசலில் நிற்கிற என் அத்தானுக்கு,

துரை எழுதுகிறேன். உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான். நீங்கள் இருந்த காலத்தில் நமக்குள் போன் பேச்சோடு சரி. அதிலும் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' கொட்டுவேன். இப்போது நான் பேசப் போகிறேன். 'ம்' கொட்ட நீங்கள் இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை உங்களுக்கு முதல் வருஷத் திதி. நினைவஞ்சலி நோட்டீஸுக்கு நாலு வரி எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள் அக்கா. 'பாசமிகு' என்று எழுதினேன், அடுத்த சொல் வரவில்லை. மூன்று தாளைக் கசக்கிப் போட்டாயிற்று. என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பேரு எழுதிக் குடுக்கியளே, சொந்த அத்தானுக்கு நாலு வரி வரமாட்டேங்குதாக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவளுக்குத் தெரியாமல் சரியான இடத்தில் குத்திவிட்டாள். ஒரு பேர்தான் அத்தான், என்னை எழுதவிடாமல் குறுக்கே நிற்கிறது.

நம் சொந்தத்தில் பாதிப் பிள்ளைகளுக்குப் பேர் வைத்தவன் நான். பாளையங்கோட்டையில் ஆபீஸ் உத்தியோகம், வீட்டில் நாலு அலமாரிப் புத்தகம். நட்சத்திரத்தைச் சொன்னால் போதும், புராணத்தைத் துழாவி ஒரு பேரை எடுத்துக் கொடுத்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு. உங்கள் வீட்டிலிருந்து மட்டும் அந்தக் கேள்வி வந்ததே கிடையாது. உங்களுக்கும் அக்காவுக்கும் பிள்ளை இல்லை. அதை நாங்கள் யாரும் பேச மாட்டோம், நீங்களும் பேசினதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆடி மாசம் அக்கா போன் போட்டாள். "எலே தொரை, ஒங்க அத்தானுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. அந்தியூர்ச் சந்தைக்குப் போயி ஒரு குதிரையப் பிடிச்சிட்டு வந்திருக்காவ. அம்பது வயசுக்கு மேல எவனாவது குதிரை வாங்குவானாலே? நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டேன். உங்களுக்குப் புத்தி சொல்ல வந்தவன் நான். வயலும் வாழையுமாக இருக்கிற மனுஷனுக்குக் குதிரை எதற்கு என்று வழியெல்லாம் பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டே வந்தேன்.

வந்து பார்த்தால் தொழுவத்தில் செம்மண் நிறத்தில் ஒரு ஆண் குதிரை, நெற்றியில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. இரண்டு பக்கமும் கயிறு கட்டியும் அடங்காமல் குளம்பால் தரையைத் தோண்டிக்கொண்டிருந்தது. சுற்றுச்சுவர் முழுக்க ஊர் ஆட்கள். "துடியானது மாப்ளே. பைய வா, பைய" என்றீர்கள். நான் பைய வரவில்லை. பெரிய குதிரை வீரன் மாதிரி நேராகப் போய் அதன் முகத்துக்கு நேரே கையை நீட்டினேன். வலது முழங்கைக்கு மேலே ஒரே கவ்வு. புதுச் சட்டை கிழிந்து, தோலில் பல் பதிந்துவிட்டது.

சுவரில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நீங்கள். "ஏ மாப்ளே, ஒன்னய அதுக்குப் பிடிச்சுப் போச்சுலே! பிடிச்சவங்களத்தான் முதல்ல கடிக்கும்!" அப்புறம் உள்ளே ஓடிப்போய் மஞ்சளை இழைத்துக்கொண்டு வந்து, நீங்களே என் கையில் தடவினீர்கள். நான் அந்த மஞ்சளை மறந்துவிட்டேன். சிரிப்பை மட்டும் முடிந்து வைத்துக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது கேட்டீர்கள். "மாப்ளே, எங்க வீட்டுக்கு ஒரு பேரு வேணும்." அடுப்படியில் அக்காவின் கரண்டிச் சத்தம் சட்டென்று நின்றது. உங்கள் வீட்டிலிருந்து எனக்கு வந்த முதல் கேள்வி அது. அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டாமா அத்தான்? விளங்கவில்லை. கை எரிந்துகொண்டிருந்தது.

"நம்ம புராணத்துல உள்ள பேரா இருக்கணும். நாக்குல நிக்கணும். இக்கரையில நின்னு கூப்பிட்டா அக்கரையில மேயுதவனுக்குக் கேக்கணும்" என்று மூன்று நிபந்தனை போட்டீர்கள்.

உச்சைச்சிரவம் என்றேன், பாற்கடலைக் கடைந்தபோது வந்த வெள்ளைக் குதிரை. "உச்சை... என்னது? தும்மல் போடுத மாதிரில்லா இருக்கு! அது வெள்ளைக் குதிரைன்னு வேற சொல்லுதே." வாயு என்றேன். "வாயு வந்திருக்குன்னு சொன்னா ஒங்க அக்கா ஓமத்தண்ணி கொண்டாந்திருவா." அசுவத்தாமன் என்றேன், பிறந்ததும் குதிரை போலக் கனைத்ததால் வந்த பேர். அதற்கு அக்கா உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்: "தூங்கிட்டு இருந்த பிள்ளைகளக் கொன்னவன் பேரா? வேண்டவே வேண்டாம்." நீங்களும் சிரிப்பை விட்டுவிட்டு, "ஆமா மாப்ளே. பாவம் செஞ்சவன் பேரு நமக்கு வேண்டாம். சுத்தமான பேராச் சொல்லு" என்றீர்கள்.

சுத்தமான பேர். அந்தச் சொல் என் காதில் நன்றாகவே விழுந்தது. விழுந்த பிறகுதான் 'கேசி' என்று சொன்னேன்.

பத்திரிகையில் இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கேசி ஒரு அசுரன். குழந்தைக் கிருஷ்ணனைக் கொல்லக் கம்சன் ஏவிவிட்டவன். குதிரை உருவத்தில், பூமியைக் குளம்பால் கீறிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு கடிக்க வந்தான். கிருஷ்ணன் தன் கையை அந்த வாய்க்குள்ளேயே திணித்தான். கை பருத்துக்கொண்டே போக, கேசி மூச்சு முட்டிச் செத்தான். உங்கள் குதிரை என் கையைக் கவ்வினபோதே அந்தப் பேர் எனக்குள் வந்துவிட்டது. வயசான காலத்தில் குதிரை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிற படிக்காத மனுஷனுக்கு இது போதும் என்று நினைத்தேன். அப்படியே எழுதிவிடுகிறேன் அத்தான், இனிமேல் பூசி மெழுகுவதற்கு என்ன இருக்கிறது?

"கேசி... கேசி..." என்று நாக்கில் போட்டுப் பார்த்தீர்கள். "நல்லா இருக்கே! யாரு மாப்ளே அது?"

"கிருஷ்ணர் கை பட்ட குதிரை அத்தான்" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் என் சாமர்த்தியம். நீங்கள் அப்படியே கையெடுத்துக் கும்பிட்டீர்கள். "ஏட்டி, கேட்டியா? கிருஷ்ணர் கை பட்டதாம்!" என்று அடுப்படியைப் பார்த்துச் சத்தம் போட்டீர்கள்.

அதோடு விட்டீர்களா? நம் வீடுகளில் பிள்ளைக்குப் பேர் வைத்தால் தாய்மாமன் அதன் காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். "தாய்மாமன் நீதான இருக்கே. வா, காதுல சொல்லு" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்கள். குதிரையின் தலையை உங்கள் நெஞ்சோடு அணைத்து, உள்ளங்கையால் அதன் கண்ணை மறைத்தீர்கள். நான் பயந்து பயந்து குனிந்தேன். கேசி, கேசி என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை சொல்லும்போது தொண்டையில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதை விழுங்கினதில் கண்ணில் தண்ணீர் வந்தது. "என்ன மாப்ளே, கண்ணு கலங்கிட்டே?" என்று கேட்டீர்கள். உங்கள் கண்தான் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரியிடம் சொன்னேன், சிரித்தோம். திங்கட்கிழமை ஆபீஸில் டீ நேரத்தில் சொன்னேன். அசுரனைக் கட்டிப்போட்டுக் காணம் அவித்துப் போடுகிறார் எங்கள் அத்தான் என்று நடித்தே காட்டினேன். ஒரு ஆபீஸ் முழுக்க உங்களைப் பார்த்துச் சிரித்தது, அத்தான். நீங்கள் தகரத்தில் சிவப்புப் பெயிண்டால் 'கேசி' என்று எழுதித் தொழுவத்து வாசலில் மாட்டினது அந்த வாரம்தான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். "ஒன் மருமகன் இன்னைக்குக் கயித்த அத்துட்டு வாழைக்குள்ள நிக்கான்." "ஒன் மருமகன் லாடம் அடிக்க வந்தவன ஆத்துக்குள்ள தள்ளிட்டான்." "கூப்பிட்டதும் அக்கரையில இருந்து நீஞ்சி வாரான் மாப்ளே, நீ பாக்கணுமே!" முதலில் ஸ்பீக்கரில் போட்டு வீட்டில் எல்லாரும் கேட்டுச் சிரிப்போம். ஐந்தாறு மாசத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. மருமகன் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். அடுத்த தடவை சொல்லிவிட வேண்டும், வேறு பேர் வைத்துவிட வேண்டும் என்று நினைப்பேன். நீங்கள் அத்தனை சந்தோஷமாக இருப்பீர்கள். அடுத்த தடவை, அடுத்த தடவை என்றே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அப்புறம் ஒரு நாள் காலையில் புல் அரிந்துகொண்டு வந்து போட்டுவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். பாளையங்கோட்டை வந்து சேருவதற்குள் முடிந்துவிட்டது. இருதயம் ரொம்ப நாளாகவே பழுதாக இருந்திருக்கிறது என்றார் டாக்டர். குதிரைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரிய வேண்டுமே?

பதினாறாம் நாள், வீடு நிறைய ஆட்கள். உங்கள் அண்ணன் மனைவி செல்லம்மா மதினி எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னாள்: "சுழி பாத்து வாங்கி என்ன செய்ய? பேரு அசுரன் பேரால்லா இருக்கு. வாசல்ல அசுரனக் கட்டிப் போட்டா வீடு வெளங்குமா?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். "எலே தொரை, கேசின்னா அசுரனாலே?"

என் வாழ்க்கையில் உண்மை பேச எனக்குக் கிடைத்த நல்ல இடம் அது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எனக்குத் தெரியாதுக்கா. கிருஷ்ணர் கதையில வருதுன்னு வச்சேன்" என்றேன். கை பட்ட குதிரை என்று சொன்னபோது பாதி உண்மையாவது இருந்தது. இது முழுப் பொய்.

அக்கா நம்பிவிட்டாள். நம்பினதோடு, மதினியைப் பார்த்து, "எந்தம்பி தெரிஞ்சு வப்பானா? நாக்க அடக்கிப் பேசுக்கா" என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், மதினி விறுவிறுவென்று எழுந்து போய்விட்டாள். இருபத்தைந்து வருஷம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து, குழம்பும் கூட்டும் மாற்றிக்கொண்ட இரண்டு பேர். அன்றோடு பேச்சு முறிந்தது. ஐப்பசி மழையில் அக்கா காய்ச்சலில் நாலு நாள் கிடந்தாள். அடுத்த வீட்டிலிருந்து கஞ்சி வரவில்லை. வந்திருந்தாலும் அவள் வாங்கியிருக்க மாட்டாள். என் பொய்க்காக அவள் தனியாகக் கிடந்தாள், அத்தான்.

இப்போதைய சேதி என்னவென்றால், உங்கள் தகரப் பலகை மேல் அக்கா ஒரு சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறாள். போன மாசம் என்னிடம் சொன்னாள்: "குதிரைய நான் விக்க மாட்டேன். அவிய கையால வளத்தது. ஆனா வாறவங்க போறவங்க வாயில விழ முடியலலே. நீ வேற ஒரு நல்ல பேரா வச்சு, திதிக்கு முன்னால காதுல சொல்லிரு. நீ சொன்னாத்தான் சரியா வரும்."

இன்னும் என்னைத்தான் நம்புகிறாள், பார்த்தீர்களா?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளில் பேர்களை எழுதிக்கொண்டு போனேன். தொழுவத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். மாருதி என்றேன், தனஞ்செயன் என்றேன், முருகனுக்கு உள்ளதில் நாலைந்து சொன்னேன். காதைக்கூடத் திருப்பாமல் புல்லை மென்றுகொண்டிருந்தது. கடைசியில் வாய்க்குள்ளேயே 'கேசி' என்றேன். சட்டென்று தலையைத் தூக்கியது. என்னைப் பார்க்கவில்லை, அத்தான். எனக்குப் பின்னால், வீட்டு வாசலைப் பார்த்தது. கூப்பிட்டவர் இன்னும் வரவில்லையே என்கிற மாதிரி ரொம்ப நேரம் அப்படியே நின்றது. நான் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பக்கத்து வயல்காரர் முத்தையா அண்ணாச்சி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "என்ன தொரை, பேர மாத்தப் போறீராக்கும்?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப கோயில்ல நடந்தது ஒமக்குத் தெரியாது, என்ன?" என்றார்.

தெரியாது. யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"போன பொரட்டாசிக்கு முந்தின பொரட்டாசி வே. பெருமாள் கோயில்ல கிருஷ்ணர் கதை சொல்ல ஒருத்தரு வந்திருந்தாரு. ஒம்ம அக்கா அன்னைக்கு ஊர்ல இல்ல, முக்கூடல்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தா. கேசியக் கொன்ன கதை வந்துச்சு. அம்புட்டுப் பேரும் ஒம்ம அத்தானத் திரும்பிப் பாத்தாவ. ஒரு பய எந்திரிச்சு, 'என்ன அண்ணாச்சி, சாமி கொன்ன அசுரனுக்கா நீரு காணம் போடுதீரு'ன்னு கேட்டுட்டான். ஒரே சிரிப்பு. மனுசன் தலையக் குனிஞ்சவரு கொஞ்ச நேரம் நிமிரவே இல்ல. பொறவு பைய எந்திரிச்சாரு. 'எம் மச்சினன் பள்ளிக்கூடப் பேரு கேசவன். தொரை தொரைன்னு கூப்பிடுததால ஒங்களுக்குத் தெரியாது. எங்க வீட்டுக்குப் பிள்ளை இல்லைன்னு அவன் பேருல பாதியப் பிச்சு எங்க குதிரைக்குக் குடுத்திருக்கான். இது அசுரன் பேரு இல்ல வே, தாய்மாமன் பேரு'ன்னாரு. வெளிய வந்து எங்க எல்லார்ட்டயும் கேட்டுக்கிட்டாரு, 'அசுரன் கதைய எம் மச்சினன்ட்டயோ அவன் அக்காட்டயோ யாரும் சொல்லிராதீங்க. தெரியாம வச்சுட்டான். கேட்டா சங்கடப்படுவான்'னு."

நான் சங்கடப்படுவேன் என்று.

அதற்குப் பிறகும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை போன் போட்டீர்கள்? மருமகன், மருமகன் என்று அதே குரலில்தானே பேசினீர்கள்? ஒரு நாளாவது, ஒரு சொல்லாவது மாறியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது, இத்தனை நேரம் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். கேசி என்று சொன்னபோது என் பள்ளிக்கூடப் பேர் எனக்கு ஞாபகம் இருந்ததா? இருந்தது. கேசியைக் கொன்றதால்தான் கிருஷ்ணனுக்குக் கேசவன் என்று பேர் வந்தது என்று ஆறாம் வகுப்பிலேயே தெரியும் எனக்கு. 'உன் குதிரையை அடக்குகிறவன் நான்' என்பதுதான் அந்தக் கேலியில் எனக்கு இருந்த ருசி. ஒரே பேரை நாம் இரண்டு பேரும் எடுத்தோம், அத்தான். எனக்கு அதில் கொன்றது தெரிந்தது. உங்களுக்குக் கொடுத்தது தெரிந்தது.

சீவலப்பேரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஒரு யோசனை ஓடியது. முத்தையா அண்ணாச்சி சொன்னதை அக்காவிடம் சொல்லிவிட்டால் போதுமே? சாக்கை எடுத்துவிடலாம். செல்லம்மா மதினி வாயை மூடிக்கொள்வாள். அக்கா அழுது, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் இலையில் பாயசத்தை இன்னும் ஒரு கரண்டி ஊற்றுவாள். நான் நல்ல தம்பியாகவே இருந்துவிட்டுப் போகலாம். சொல்கிறதில் ஒரு சொல்கூடப் பொய் இருக்காது. வண்ணாரப்பேட்டை வருவதற்குள் முடிவே பண்ணிவிட்டேன். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்த பிறகுதான், கிருஷ்ணர் கை பட்ட குதிரை என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொல்லப் போகிறது என்று உறைத்தது. சாப்பிட முடியவில்லை.

ஆபீஸில் நாலு பேர் அறியச் சிரித்தேன், அதனால் இதையும் நாலு பேர் அறியத்தான் எழுத வேண்டும். இது அச்சாகி வரும்போது வெள்ளிக்கிழமை முடிந்திருக்கும். நோட்டீஸுக்கு வேண்டிய நாலு வரியை அக்காவையே சொல்லச் சொல்லி எழுதிக்கொள்கிறேன். உங்களைப் பற்றி எழுத இந்த வருஷம் எனக்கு அருகதை இல்லை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வெள்ளிக்கிழமை இலை போடுவதற்கு முன்னால், அக்காவையும் செல்லம்மா மதினியையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு பேசுவேன். என் பாதியை முதலில் சொல்வேன். காதில் சொல்லும்போது விழுங்கின சிரிப்பு, ஆபீஸ் டீ நேரத்துப் பேச்சு, பதினாறாம் நாள் பொய் எல்லாவற்றையும். உங்கள் பாதியை முதலில் எடுத்தால் அக்கா அழுதுவிடுவாள். அவள் அழுவதைப் பார்த்தால் என் பாதியைச் சொல்லாமல் அமுக்கிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். முழுக்கக் கேட்ட பிறகும் அவள் என்னை உட்காரச் சொன்னால், கோயிலில் நீங்கள் சொன்னதைச் சொல்வேன். வெளியே போகச் சொன்னால், அதை அவளுக்குச் சொல்லுகிற பாக்கியம் முத்தையா அண்ணாச்சிக்கு. நான் பஸ் நிறுத்தத்தில் நிற்பேன்.

உங்கள் மச்சினன்,
கேசவன்